மூடியைத் திறக்காமல் சொல்கிறவர்

காதுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. காது எல்லோருக்கும் உண்டு. ஆனால் நமக்கெல்லாம் அது கேட்பதற்கு, அவருக்குத் தீர்ப்புச் சொல்வதற்கு. மோட்டார் சைக்கிள், குளிர்பெட்டி, சட்னி அரைக்கும் மிக்சி, பக்கத்து வீட்டுக்காரரின் இருமல், எதுவானாலும் சரி, அவர் அருகில் வருவார், தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார், கண்ணை மூடுவார், சுற்றி நிற்பவர்களைக் கையால் அடக்குவார், மூன்று விநாடி கேட்பார், பிறகு கண்ணைத் திறந்து, ஏற்கெனவே தெரிந்த துக்கச் செய்தியை உறுதி செய்பவர்போல மெல்லத் தலையாட்டி, "இது அதுதான்" என்பார். எது என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டால்தான் சொல்வார்.

திறந்து பார்க்க மாட்டார். அது முக்கியம். திறந்து பார்ப்பது தெரியாதவன் செய்கிற வேலை.

மலேசியாவில், எங்கள் ஈப்போவில் எந்தக் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் வீட்டு வரிசைக்கு ஒருவராவது இருப்பார். அடையாளம் சுலபம். அவர் வீட்டில் எல்லாப் பொருளும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். காரணம் தெரிந்துவிட்ட பிறகு பழுது பார்ப்பானேன்?

என்னை இந்த இனத்தில் சேர்க்கக் கூடாது. நான் மெங்லெம்பு பக்கம் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கிறவன். சூளையிலிருந்து வரும் டைலைத் தூக்கி விரல் மடக்கித் தட்டுவேன். நல்ல டைல் மணிபோல் பேசும். விரிசல் விழுந்தது சளிப் பிடித்ததுபோல் பேசும். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவனுக்குச் சம்பளம் வாங்கித் தருவது இந்தக் காதுதான். ஆகவே என்னுடையது தொழில், மற்றவர்களுடையது பழக்கம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விஷயம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றியது. என் தங்கை தினேஸ்வரிக்காகப் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடை ஒன்றில் வாங்கியது. மேசைக்கு அடியில் நிற்கும் கறுப்புப் பெட்டி, மேலே திரை. அதை நான் வைத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் கம்ப்யூட்டர் செய்த கம்பெனிக்காரனே கண் கலங்குவான். தினமும் மென்துணியால் துடைப்பேன். பெட்டிக்கு ஓர் உறை, திரைக்கு ஓர் உறை, விசைப்பலகைக்கு ஓர் உறை, மூன்றும் ஒரே பூப்போட்ட துணியில், ஓரம் மடித்துத் தைத்தது. பெட்டியின் பின்பக்கம் 'இந்த முத்திரை கிழிந்தால் உத்தரவாதம் இல்லை' என்று ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருந்தது. அது உரிந்துவிடாமல் அதன்மேல் கண்ணாடி டேப் ஒட்டினேன். அந்தக் கடையை மூடி ஒன்றரை வருடமாகிறது. இப்போது அங்கே பால் தேநீரில் ஜவ்வரிசி உருண்டை போட்டு விற்கிறார்கள். இருக்கட்டும். உத்தரவாதம் உத்தரவாதம்தானே? சரஸ்வதி பூஜையன்று வீட்டில் வேறு எந்தப் பொருளுக்கும் கிடைக்காத மரியாதை அந்தப் பெட்டிக்குக் கிடைத்தது. அவ்வளவு சொன்னால் போதும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு அது முனக ஆரம்பித்தது. முதலில் ஜன்னலுக்கு வெளியே வண்டு சுற்றுவதுபோல். தீபாவளி கழிந்ததும் வண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த வாரம் அது வண்டு இல்லை, நகராண்மைக் கழகத்து ஆட்கள் சாலையோரம் புல்வெட்டும் இயந்திரம். இதற்கிடையில் 'டிக் டிக் டிக்' என்று ஒரு தனித் தாளம், யாரோ உள்ளே உட்கார்ந்து நகத்தால் சுரண்டுவதுபோல். இருபது நிமிடம் இப்படி அலறும். பிறகு திரை கறுத்து, தானாகவே அணைந்துவிடும். வந்த அமைதியில் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்கும்.

"இன்னும் ரெண்டு நாளு இந்தச் சத்தம் கேட்டா என்னைய தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோயி விட்டுருங்கடா."

அந்த ஊரில் பெரிய மனநல மருத்துவமனை இருப்பதை ஈப்போக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சாதாரண நாளாக இருந்தால் நானும் அதை ஒரு சத்தம் என்று விட்டிருப்பேன். ஆனால் வரும் புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தினேஸ்வரிக்கு நேர்முகம். மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் படிப்பு. இருபது இடம், எண்ணூறு விண்ணப்பம், நேர்முகத்துக்கு அழைத்தது அறுபது பேரை. அந்த அறுபதில் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அவள் முதல் வகுப்புக்குப் போன அன்று புத்தகங்களுக்கு உறை போட்டது நான்தான். அண்ணன் என்பதால் சொல்லவில்லை, அவள் கெட்டிக்காரி. நேர்முகம் இணையம் வழியாக நாற்பது நிமிடம் நடக்கும், கைப்பேசியில் வரக்கூடாது, கேமராவோடு கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும், இடையில் அறுந்தால் மறு வாய்ப்பு இல்லை என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் பெட்டியோ இருபது நிமிடத்தில் உயிரை விடுகிறது. அதுவரை புல்வெட்டுகிறது.

கடைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்பீர்கள். காதுக்காரர் வாழும் இடத்தில் அப்படிப் பேசக்கூடாது. கடைக்காரன் திறப்பான். திறந்தால் நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை மாட்டுவான். இது எங்கள் வரிசை முழுவதும் ஒப்புக்கொண்ட உண்மை. அண்டை அயலில் இத்தனை அனுபவசாலிகள் இருக்கும்போது அந்நியன் எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை அனுபவசாலிகள் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. சத்தம் கூப்பிட்டது.

முதலில் பிச்சைமுத்து அண்ணே. நாற்பது வருடம் முன்பு சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆலையில் இன்ஜின் பார்த்தவர். அந்தத் தோட்டத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. இன்ஜின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அண்ணேயின் காது மட்டும் இன்னும் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை. இடுப்பிலிருந்து நீளமான திருப்புளியை எடுத்தார். அவர் திறக்கத்தான் போகிறார் என்று தினேஸ்வரி பெட்டியை முன்னே இழுக்கப் போனாள். அவர் திருப்புளியின் நுனியைப் பெட்டியின் தலையில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேசாதீங்க."

"பேரிங்லா," என்றார்.

"எந்த ஃபேனோட பேரிங் மாமா?" என்று கேட்டாள் தினேஸ்வரி. "உள்ள மூணு ஃபேன் இருக்கு."

"பாப்பா, அங்க நூத்தம்பது குதிரை சக்தி இன்ஜின். அதுக்கே நான் உள்ள எத்தனைன்னு கேட்டதில்ல. பேரிங்னா பேரிங்தான்."

அடுத்தவர் மயில்வாகனம் ஐயா. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் யாழ்ப்பாணம். வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு எழுபது வயதிலும் மாறாமல் வரும். அவர் பெட்டிக்கு அருகில் வருவதைக்கூடக் கௌரவக் குறைச்சலாக நினைத்து, வாசலில் செருப்போடு நின்றே கேட்டார். உயர்ந்த காதுக்காரர்கள் அப்படித்தான். தூரம் கூடக்கூட மதிப்பும் கூடும்.

"இஞ்ச பாரும் தம்பி, இது பேரிங்கும் இல்லை, ஒண்டும் இல்லை. பாரம். எத்தினை படம் உள்ளுக்கை ஏத்தி வச்சிருக்கிறியள்?"

"ஒரு நாலாயிரம் இருக்கும் ஐயா."

"பேந்தென்ன? நாலாயிரம் படத்தைத் தூக்கிக்கொண்டு நிண்டால் உமக்கும் மூச்சு வாங்கும்தானே."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று பட்டது.

மூன்றாவது காதுக்காரர் வீட்டுக்கு வரவே இல்லை. அம்மாவின் தம்பி மகன் தேவன், பாரிட் புந்தாரில் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். அவனுக்குக் கைப்பேசியில் ஒன்பது விநாடி சத்தத்தைப் பதிந்து அனுப்பினேன். பதினோராவது விநாடி பதில் வந்தது.

"மச்சான், கேட்டுட்டேன். இது கரண்டு பிரச்சினை. உங்க ஈப்போ கரண்டு அப்படிதான், ஏறி இறங்கும். நடுவுல ஒரு இழுப்பு இழுக்குது பாரு, அங்கதான் விஷயம் இருக்கு. நான் ஆயிரம் மிஷின் பாத்தவன்."

நடுவில் இழுத்தது அம்மாவின் மிக்சி. நான் பதியும்போது அவர் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அதைத் தேவனிடம் சொன்னேன். "அப்ப மிக்சிக்கும் அதே கரண்டுதானே வருது," என்றான். காதுக்காரரை மடக்க முடியாது என்பதை நீங்கள் ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கடைசியாக நான். பெட்டியின் மேல் விரல் மடக்கி நான்கு இடத்தில் தட்டினேன். மணிபோல் பேசியது. "உடம்புல விரிசல் இல்ல," என்றேன். "உள்ள ஏதோ லேசா தளர்ந்திருக்கு. ஓட ஓட சரியாயிடும்." சொல்லும்போது என் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாகத் தினேஸ்வரி பிறகு சொன்னாள். நான் கவனிக்கவில்லை.

"தொறந்து பாத்தா என்னாடா?" என்று கேட்டார் அம்மா, சட்னிக் கிண்ணத்தோடு.

நாங்கள் மூவரும் அவரைப் பார்த்தோம். பிச்சைமுத்து அண்ணே சிரித்தார். மயில்வாகனம் ஐயா செருப்புக் காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். நான் ஒட்டுத்தாளைக் காட்டினேன்.

"நானே தொறக்குறேன்ணே," என்றாள் தினேஸ்வரி. "ரெண்டு ஸ்குரூதான்."

"கரண்டு சாமான் பாப்பா, கை வைக்காத," என்றார் பிச்சைமுத்து அண்ணே. கருவிகளைப் பராமரிக்கப் படிக்கப் போகிற பெண்ணிடம். நானும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை பாரத்தைக் குறைத்தோம். அதாவது நான் குறைத்தேன். வேலை முடிந்து வந்து, மயில்வாகனம் ஐயா வாசலில் நின்று மேற்பார்வை பார்க்க, கோயில் திருவிழாப் படங்கள், கேமரன் மலைப் படங்கள், யார் என்றே தெரியாத ஒரு கல்யாணத்துப் படங்கள் என்று இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தேன். மொத்தமாக அழிக்க எனக்கு மனம் வராது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பெட்டி அணையும், ஆறவிட்டு மறுபடி தொடங்குவேன். தினேஸ்வரி வந்து என் கையைப் பிடித்தபோது நான் அழிக்க இருந்தது அவளுடைய சான்றிதழ்களின் படங்கள். நேர்முகத்தில் திரையில் காட்ட வேண்டியவை.

"ஐயா, சத்தம் கொறஞ்சிருக்கா?" என்று வாசல் பக்கம் கேட்டாள்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்குப் பிள்ளை."

அப்போது பெட்டி அணைந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை பேரிங்குக்கு வைத்தியம். பிச்சைமுத்து அண்ணே தையல் இயந்திர எண்ணெயோடு வந்தார். பின்பக்கத்து வலை வழியாகத் தெரிந்த விசிறியில், பெட்டி அணைந்திருக்கும்போது, உறிஞ்சுகுழாய் வைத்து இரண்டு சொட்டு விட்டார். திறக்காமல் செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சை அது ஒன்றுதான். ஓடவிட்டோம். வீடு முழுக்க முறுக்குச் சுடும் வாசனை. சத்தம் அரைப் படி இறங்கியது. "பாத்தியா," என்றார். நான் பார்த்தேன். பத்து நிமிடத்தில் அது இறங்கிய அரைப் படியையும், கூட ஒரு படியையும் ஏறிவிட்டது.

அப்போதுதான் நான் என் சொந்த யோசனையைச் செயல்படுத்தினேன். சத்தத்தை நிறுத்த முடியாவிட்டால் என்ன, நேர்முகக்காரர்களுக்குக் கேட்காமல் செய்யலாமே? கடற்கரைக்குக் கொண்டுபோகும் பெரிய துண்டுகள் இரண்டை எடுத்து, உறையைப் போட்ட பெட்டியின் மேல், நான்கு பக்கமும் மடிப்பு ஒரே அளவில் வரும்படி, பரிசுப் பொருளைச் சுற்றுவதுபோல் சுற்றிக் கட்டினேன். மூலைகளைப் பார்த்து நானே சந்தோஷப்பட்டேன். சத்தம் உண்மையிலேயே அமுங்கியது.

ஒன்பதாவது நிமிடத்தில் பெட்டி அணைந்தது.

தினேஸ்வரி கத்தவில்லை. அவள் கத்துகிற பெண் இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அண்ணே. மணி அஞ்சு. நாளைக்குப் பத்தரைக்கு எனக்கு நேர்முகம். போன வாரம் இருபது நிமிஷம் ஓடுச்சு. நீங்க எல்லாரும் சேந்து பாத்ததுல ஒம்பது நிமிஷத்துக்குக் கொண்டாந்திருக்கீங்க. இன்னும் ஒரு தடவ பாத்தீங்கன்னா சுவிட்சே போடமுடியாது."

அவள் துண்டுகளை அவிழ்த்தாள். உறையைக் கழற்றினாள். பெட்டியைச் சுவரிலிருந்து வெளியே இழுத்துத் திருப்பினாள்.

சுவரைப் பார்த்திருந்த பக்கம் நம் பக்கம் வந்தது.

அந்தப் பக்கத் தகட்டில், காற்று உள்ளே போவதற்காக, சின்னச் சின்னத் துளைகள். பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு சந்தனப் பொட்டு. ஒவ்வொரு சந்தனத்தின் நடுவிலும் ஒரு குங்குமம். காய்ந்து, இறுகி, டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்டுபோல் ஆகியிருந்தது. ஒரு பொட்டுக்கூடக் கோணல் இல்லை. என் கைவேலையை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"அண்ணே?" என்றாள்.

"சரஸ்வதி பூஜைக்கு," என்றேன். "வரிசை வரிசையா, ஒரே அளவா இருந்துச்சு. பொட்டு வைக்கறதுக்குனுதான் போட்டிருக்கான்னு நெனச்சேன்."

"எல்லாத்துக்குமா வைப்பீங்க?"

"பாதி வச்சு பாதி விட்டா நல்லா இருக்காதே."

வைத்து முடித்ததும், யார் கையும் பட்டு அழிந்துவிடக் கூடாது என்று அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்தவனும் நான்தான். அதை அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் திருப்புளி கேட்கவும் இல்லை. பின்பக்கத்து இரண்டு திருகுகளும் கையாலேயே திருகுகிற வகை. ஒன்று, இரண்டு. தகட்டைப் பின்னால் தள்ளினாள். என் கண்ணாடி டேப்போடு ஒட்டுத்தாள் நடுவில் கிழிந்தது. ஒன்றரை வருடம் முன்பு செத்துப்போன உத்தரவாதத்துக்கு நான் அப்போதுதான் துக்கம் கொண்டாடினேன்.

உள்ளே, நடு விசிறியின் அச்சைச் சுற்றி ஒரு வெள்ளை நூல் சுற்றிக்கிடந்தது. அதன் நுனியில் காய்ந்த செவ்வந்தி ஒன்று தொங்கியது. பூஜைக்கு நான் பெட்டியின் தலையில் சாத்திய மாலையின் நூல். மேல்வலை வழியாக ஒரு முனை இறங்கி, விசிறி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பூ இறக்கையில் இடிக்கும். அதுதான் 'டிக் டிக்'. ஒரு மாதமாக உள்ளே சுரண்டிக்கொண்டிருந்தது அதுதான்.

தினேஸ்வரி எனக்கு விளக்கினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன், பொறுமையாகச் சொன்னாள். உள்ளே இருக்கும் சில்லு சூடாகும். சூடு ஏற ஏற விசிறி வேகமாகச் சுற்றும்படி கம்ப்யூட்டரே உத்தரவு போடும். வேகம் கூடினால் சத்தம் கூடும். விசிறியில் குற்றம் இல்லை, அது சொன்ன வேலையைச் செய்கிறது. காற்று வர வழி இல்லாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் சூடு குறையாது, அது இன்னும் அலறும். கடைசியில், வெந்துபோகாமல் இருக்கப் பெட்டி தன்னையே அணைத்துக்கொள்ளும். நான் துண்டு சுற்றியது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தியதுபோல. பேரிங் காய்ந்தாலும் சத்தம் வரும், தூசி அடைத்தாலும் வரும், ஏதாவது இறக்கையில் உரசினாலும் வரும். "எல்லாம் வெளியிலிருந்து கேட்டா ஒரே மாதிரிதான்ணே இருக்கும்," என்றாள்.

இந்த இடத்தில் மற்றவர்கள் தலைகுனிந்து நின்றார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"நான் அப்பவே சொன்னேன்ல," என்றார் பிச்சைமுத்து அண்ணே. "நூலு எதுல சுத்தியிருக்கு? அச்சுல. அச்சு எதுல நிக்குது? பேரிங்ல."

"பாரம் எண்டு நான் சொன்னனான்," என்றார் மயில்வாகனம் ஐயா வாசலிலிருந்து. "பூவும் ஒரு பாரம்தானே."

தேவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "சந்தனம் ஈப்போல வாங்குனதா?" என்று பதில் வந்தது.

அம்மா ஒரு டப்பா பல்குச்சியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். துளைக்கு ஒரு குச்சி. சந்தனத்தை வெளிப்பக்கமாகவே தள்ளினேன், ஒரு பொடிகூட உள்ளே விழாமல். தினேஸ்வரி நூலை அறுத்து எடுத்தாள், தூரிகையால் இறக்கைகளைத் துடைத்தாள், பிச்சைமுத்து அண்ணேயின் எண்ணெயையும் துடைத்தாள், அதை அவர் பார்க்காதபோது. வேலை நடுவில் எனக்கு ஒரு விவரம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு பெருக்கல் பன்னிரண்டு நூற்று நாற்பத்து நான்கு. ஆனால் கீழ்மூலையில் ஒரு துளையில் திருகு இருக்கிறது. ஆகப் பொட்டு நூற்று நாற்பத்து மூன்று. பூஜையன்றே எண்ணியிருந்தேன்.

மூடியைப் பூட்டி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, ஓடவிட்டோம். எல்லோரும் குனிந்து கேட்டோம். கேட்கவில்லை. இன்னும் குனிந்தோம். அப்போதும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஓடியது. பெட்டி உயிரோடு இருப்பதற்கு அடையாளம் அந்தச் சின்ன நீல விளக்கு மட்டும்தான்.

பிச்சைமுத்து அண்ணே நிமிர்ந்தார். முகத்தில் கவலை. "சத்தமே இல்லையே," என்றார். "இது நல்லதுக்கில்லலா."

புதன்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன். பத்தரைக்குத் திரையில் மூன்று பேர் தோன்றினார்கள், இரண்டு ஆண், நடுவில் ஒரு பெண்மணி என்று பிறகு தெரிந்தது. தினேஸ்வரி வெள்ளைச் சட்டை போட்டு நேராக உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால். பார்க்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். பார்க்கவில்லை. காதை மட்டும் கதவில் வைத்திருந்தேன்.

பேச்செல்லாம் மலாயில். என்ன படித்தாய், ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள். நன்றாகச் சொன்னாள், அண்ணன் என்பதால் சொல்லவில்லை. இருபது நிமிடம் தாண்டியது. நான் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். பிறகு அந்தப் பெண்மணி, நீயே கண்டுபிடித்துச் சரிசெய்த ஒரு பழுதைப் பற்றிச் சொல் என்றார்.

சொன்னாள். எல்லாவற்றையும். திருப்புளியைக் காதில் வைத்தவரை, வாசலிலிருந்து கேட்டவரை, மிக்சிக்கு மருந்து சொன்னவனை. திரைக்குள் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். கடைசியாக 'அபாங் சாயா' என்று தொடங்கினாள். என் அண்ணன். தொழிற்சாலையில் தட்டிப் பார்த்தே விரிசல் சொல்வார், இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை என்றாள். என் கண் நிறைந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் பொட்டு வந்தது.

"எத்தனை பொட்டு?" என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"செராதுஸ் எம்பாட் புலூ எம்பாட்," என்றாள் தினேஸ்வரி. நூற்று நாற்பத்து நான்கு.

என்னை நம்புங்கள், நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். தோளில் கிடந்த துண்டைப் பல்லில் கடித்தேன். நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன், எண்ணூறு பேரில் ஒருத்தி, நாற்பது நிமிடம், இடையில் எதுவும் ஆகக்கூடாது, எல்லாம் தெரியும். ஆனால் ஒரு தவறான எண்ணிக்கை காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போது பதினெட்டு வருடம் தரம் பார்த்தவன் என்ன செய்வான்?

"தீகா," என்றது என் வாய். மூன்று. "எம்பாட் புலூ தீகா."

போன வாரமாக இருந்தால் யாருக்கும் கேட்டிருக்காது. புல்வெட்டும் இயந்திரம் மூடி மறைத்திருக்கும். இப்போது அறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

அடுத்த நான்கு விநாடியில் நான் அவளுடைய முதல் வகுப்புப் புத்தக உறைகள் வரை எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

"யார் அது?" என்றார் பெண்மணி.

"அபாங் சாயா," என்றாள் தினேஸ்வரி. பிறகு, குரல் மாறாமல், "அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். ஒரு துளையில் திருகு இருந்தது. நான் வரிசையைப் பெருக்கிச் சொன்னேன், அவர் எண்ணினார்."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பு அடுப்படி வரை வந்தது. அது எந்த மாதிரிச் சிரிப்பு என்று காதால் கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. பதினேழு நாள் கழித்துக் கடிதத்தைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். இடம் கிடைத்துவிட்டது. பொங்கல் கழித்துப் போகிறாள். அவள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு உறை தைத்துக்கொண்டிருக்கிறேன், காற்று போகத் துளை விட்டு.

காதுக்காரர்களால் ஆபத்து இல்லை. அவர்கள் நல்லவர்கள், கூப்பிடாமலே வருவார்கள், பால் விடாத தே ஓ ஒன்று கொடுத்தால் போதும். சிக்கல் என்னவென்றால் அவர்களைத் தூரத்திலிருந்து அடையாளம் காண்பது சுலபம், மிக அருகில் இருந்தால் தெரியாது. ஆகவே போகுமுன் உங்களிடம் ஒரு சின்ன உதவி கேட்டுவிடுகிறேன்.

நேற்றிலிருந்து எங்கள் குளிர்பெட்டி சத்தம் போடுகிறது. முதலில் 'கட் கட்' என்று இரண்டு தடவை. பிறகு கொஞ்ச நேரம் அமைதி. அதற்குப் பிறகு அடித்தொண்டையில் நீளமாக ஒரு முனகல், முடியும்போது லேசாக ஒரு நடுக்கம்.

என்னவென்று தெரிகிறது, இல்லையா?

நீங்கள் அதைப் பார்க்கவே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். பிச்சைமுத்து அண்ணே பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.